எந்தப் பாட்டி காலத்து பிஸ்கட்?

டிசம்பர் பிறந்தால் யூடியூப் சமையல் சேனல்களில் பிஸ்கட் வாசனை அடிக்கத் தொடங்கிவிடும். “பாட்டி காலத்து மொறுமொறு நெய் பிஸ்கட்”, “அவன் இல்லாமல் வீட்டிலேயே பாரம்பரிய பிஸ்கட்” என்று தலைப்புகள். பார்ப்பவர் எண்ணிக்கை லட்சங்களில் போகிறது. எனக்கும் பிஸ்கட் பிடிக்கும். செய்முறையில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ‘பாட்டி காலத்து’ என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். எந்தப் பாட்டி? எந்தத் தெருப் பாட்டி?

மைதாவும் நெய்யும் சர்க்கரையும் அன்றாடம் புழங்கிய வீடுகள் நூறாண்டுக்கு முன்பு தமிழ்நாட்டில் எத்தனை இருந்திருக்கும்? அப்படி இருந்த வீடுகளிலும் பிஸ்கட்டுக்கு இடம் இருந்ததா? ஆசாரமான வீடுகளில் ரொட்டியும் பிஸ்கட்டும் வெகுகாலம் அடுக்களைக்குள் நுழையாத பண்டங்கள். துரைமார் தின்பது, துலுக்கர் சுடுவது, யார் கை பட்டதோ தெரியாது என்று ஒதுக்கப்பட்டவை. இன்றைக்கு அது ‘நம் பாரம்பரியம்’ ஆகியிருக்கிறது என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பண்டத்தைப் பார்ப்போம். பிஸ்கட் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் ‘இரண்டு முறை சுட்டது’ என்பது. லத்தீன் வழி வந்த சொல். ஒருமுறை சுட்ட ரொட்டியை மீண்டும் சூட்டில் வைத்து அதிலிருக்கும் ஈரத்தை விரட்டினால் மாதக்கணக்கில் கெடாது. கப்பலோட்டிகளுக்கும் படைவீரர்களுக்கும் அதுதான் சாப்பாடு. தமிழில் நம் தாத்தாக்கள் சொன்ன ‘பிஸ்கோத்து’ போர்த்துக்கீசியர் வழி வந்தது. ‘குசினி’யும் அப்படித்தான். சொல் வந்த வழியே பண்டம் வந்த வழியைக் காட்டிக்கொடுக்கிறது: கப்பல், கோட்டை, குசினி.

மொறுமொறுப்பு என்பது ஈரம் இல்லாமை. மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் கோதுமையின் பசைத்தன்மை இழுபட்டு ரொட்டிக்கான மாவாகிறது. தண்ணீருக்குப் பதிலாக நெய்யை ஊற்றிப் பிசைந்தால் நெய் மாவுத் துகள்களைச் சுற்றிக்கொண்டு அந்தப் பசையை எழவிடாது. சுட்டால் உதிரும், கடித்தால் நொறுங்கும். சர்க்கரை சூட்டில் இளகி, ஆறும்போது இறுகும். அதனால்தான் அடுப்பிலிருந்து எடுக்கும்போது மெத்தென்று இருக்கும் பிஸ்கட் ஆறிய பிறகு மொறுமொறுவென்று ஆகிறது. காற்றில் இருக்கும் ஈரம் பட்டால் மறுபடி நமுத்துவிடும். இங்கிலாந்தின் ரெடிங் நகரத்து ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் கம்பெனி காற்றுப் புகாத தகர டப்பாக்களில் அடைத்து உலகமெங்கும் பிஸ்கட்டை அனுப்பியது இதனால்தான்.

ஈரம் என்ற இந்த ஒரு விஷயத்தில்தான் பிஸ்கட் சாதியைச் சந்திக்கிறது.

வட இந்தியாவில் உணவை ‘கச்சா’, ‘பக்கா’ என்று இரண்டாகப் பிரிப்பார்கள். தண்ணீரில் வேகவைத்த சோறு, பருப்பு, தண்ணீர் விட்டுப் பிசைந்து தணலில் சுட்ட சப்பாத்தி இவையெல்லாம் கச்சா. தன் சாதிக்காரர் அல்லது தனக்கு மேல் சாதிக்காரர் சமைத்தால்தான் சாப்பிடலாம். நெய்யில் பொரித்த பூரி, இனிப்புகள் பக்கா. இவற்றைக் கொஞ்சம் தாழ்ந்த சாதிக்காரரிடமிருந்தும் வாங்கிச் சாப்பிடலாம். நெய் தீட்டைத் தடுக்கும், தண்ணீர் தீட்டைக் கடத்தும் என்பது கணக்கு. மின்சாரம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கடத்தி, கடத்தாப் பொருள் என்று சொல்லிக்கொடுப்போமே, அதுபோல ஒரு பாடம். ஆனால் பக்கா உணவையும் எல்லோரிடமிருந்தும் வாங்க மாட்டார்கள். ‘கொஞ்சம் தாழ்ந்த’ என்பதற்கு ஒரு எல்லை உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் நாம். நம் கையால் வந்தால் நெய்யும் தீட்டுத்தான்.

தமிழ்நாட்டில் அந்தப் பெயர்கள் இல்லை, வழக்கம் இருந்தது. சோறு வாங்காதவர்கள் எண்ணெயில் சுட்ட பலகாரத்தை வாங்குவார்கள். அதையும் வாங்காத இடத்தில் அரிசி, பருப்பு, காய்கறியாகக் கொடு, நாங்களே பொங்கிக்கொள்கிறோம் என்பார்கள்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு சூரத்துக்குப் போவோம். இன்று எல்லா சேனல்களிலும் ‘பழமையான இந்திய பிஸ்கட்’ என்று காட்டப்படும் நான்கட்டாய் பிறந்த ஊராகச் சொல்லப்படுவது அது. அங்கே டச்சுக்காரர்கள் நடத்திய ரொட்டிக்கடை, அவர்கள் வெளியேறியபோது அங்கு வேலை பார்த்த பார்சி ஊழியர் கைக்கு வந்தது என்றும், அந்த வழியில் வந்த தோட்டிவாலா பேக்கரி 1861 முதல் நடக்கிறது என்றும் சூரத்தில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ரொட்டி மாவு கள் ஊற்றித்தான் புளிக்கவைக்கப்பட்டது. கள் சேர்ந்த ரொட்டியை உள்ளூர்க்காரர்கள் தொடவில்லை. விற்காமல் காய்ந்துபோன ரொட்டியை மலிவாகக் கொடுத்தபோது அதன் மொறுமொறுப்பு பிடித்துப்போய் வாங்கத் தொடங்கினார்கள். பிறகு விற்பதற்கென்றே காயவைத்தார்கள். அதிலிருந்து கள்ளும் முட்டையும் இல்லாத நான்கட்டாய் வந்தது என்பது கதை.

நான்கட்டாய் செய்முறையை எடுத்துப் பாருங்கள். மாவு, சர்க்கரை, நெய். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அது பரவியதற்கு ருசி ஒரு காரணம். தண்ணீர் சேராத பண்டம், எனவே ‘பக்கா’ என்பது இன்னொரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. வட இந்திய நகரங்களில் பண்டிகைக்கு முன்பு குடும்பத்தார் தங்கள் வீட்டு மாவையும் நெய்யையும் சர்க்கரையையும் எடுத்துக்கொண்டு தெருமுனை பேக்கரிக்குப் போய், பிஸ்கட்டாகச் சுட்டு வாங்கி வரும் பழக்கம் நெடுநாள் இருந்தது. பொருள் நம்முடையது, அடுப்பு மட்டும்தான் அவனுடையது என்ற ஆறுதல். அந்த ‘அவன்’ பெரும்பாலும் முஸ்லிம் பேக்கரிக்காரர். ‘வீட்டு பிஸ்கட்’ என்று அவர்கள் நினைவில் வைத்திருப்பதில் பாதி, அந்த மனிதரின் நெருப்பில் வெந்தது.

வங்காளத்தில் கதை வேறு மாதிரி போனது. 1846இல் ராஜ்நாராயண் பாசு பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தபோது, சாதியை மதிக்கவில்லை என்று காட்டுவதற்காக பிஸ்கட்டும் ஷெர்ரி மதுவும் வரவழைத்துச் சாப்பிட்டார்கள். அவரே தன் வரலாற்றில் எழுதியது. இன்றைக்கு டீயில் முக்கித் தின்னும் பிஸ்கட் ஒரு காலத்தில் புரட்சிச் சின்னம்! சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதியை மீற நினைத்த அந்த உயர்சாதி இளைஞர்கள் வெள்ளைக்காரன் பண்டத்தைத் தின்று மீறினார்கள். பக்கத்துச் சேரியில் போய் ஒரு பிடி சோறு தின்று மீறவில்லை. வெள்ளைக்காரன் தீட்டு நாகரிகத்தோடு வருகிற தீட்டு. நம் தீட்டு வெறும் தீட்டு.

அரை நூற்றாண்டில் அந்தப் புரட்சியும் அடங்கிவிட்டது. உயர்சாதியினருக்கு பிஸ்கட் வேண்டும், ஆனால் தீட்டு வேண்டாம். இதற்கு வழி கண்டவர் லாலா ராதாமோகன். 1898இல் டெல்லியில் அவர் தொடங்கிய கம்பெனிக்குப் பெயரே இந்து பிஸ்கட் கம்பெனி. உயர்சாதி இந்துக்களே எங்கள் பிஸ்கட்டைச் செய்கிறார்கள் என்பதுதான் வாடிக்கையாளருக்குக் கொடுத்த உத்தரவாதம். அந்நியப் பண்டத்துக்குப் பூணூல் போட்டாயிற்று. இனி அதை வீட்டுக்குள் கூட்டிப்போகலாம். பிஸ்கட் ‘நம்முடையது’ ஆன வழிகளில் இது ஒன்று. தொழிலாளியின் சாதியைச் சொல்லி பிஸ்கட் விற்பது, நவீன ஆலை, நீராவி, அச்சடித்த விளம்பரம் எல்லாவற்றோடும் சேர்ந்தே வந்தது. ஆலை வந்தால் சாதி போய்விடும் என்று நம்பியவர்கள் இந்த விளம்பரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே காலத்தில் தெற்கே தலசேரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுத் திரும்பிய மாம்பள்ளி பாப்பு 1880இல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரியைத் தொடங்கினார். 1883இல் அஞ்சரக்கண்டி தோட்டத்து மர்டாக் பிரவுன் கேட்டுக்கொண்டபடி கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்ததற்காக அவர் பெயர் நிலைத்திருக்கிறது. பாப்பு தீயர் சமூகத்தவர். மலபாரில் நம்பூதிரிக்கு இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைத்திருந்த சாதிகளில் ஒன்று. கள்ளோடு தொழில் உறவுள்ள சமூகம், கள்ளால் புளிக்கும் ரொட்டி, அதை வாங்கத் தயங்காத ஆங்கிலேயர். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தொழிலில் ஒதுக்கப்பட்டவர்கள் தலையெடுத்தார்கள். இன்று கேரளத்தில் தெருவுக்குத் தெரு பேக்கரி இருப்பதற்குப் பின்னால் அந்த மரபு இருக்கிறது.

அப்படியானால் தமிழ்ப்பகுதியில் வீட்டு அடுப்பில் முதன்முதலில் பிஸ்கட் சுட்டவர்கள் யார்?

இந்தக் கேள்விக்கு விடை தேட அதிக தூரம் போகத் தேவையில்லை. சென்னையில், பெங்களூர் தண்டில், ஊட்டியில், வெள்ளைக்காரர் பங்களா இருந்த ஒவ்வொரு ஊரிலும் குசினியில் நின்றவர் யார் என்று பார்த்தால் போதும். மாட்டிறைச்சி சமைக்க வேண்டும், மதுப்புட்டி எடுக்க வேண்டும், எச்சில் தட்டு கழுவ வேண்டும். சாதி இந்துக்கள் இதற்கு வரவில்லை. பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட வேலைகளுக்கு ஐரோப்பியருக்குப் பறையர்தான் கிடைத்தார்கள், அவர்களை வைத்துக்கொண்டதாலேயே ஐரோப்பியரையும் சாதி இந்துக்கள் இழிவாகப் பார்த்தார்கள் என்று. முஸ்லிம் சமையல்காரர்களும் இருந்தார்கள். ஆனாலும் மதராஸ் மாகாணத்தில் பட்லர், குசினிக்காரர், மேட்டி, ஆயா என்ற வேலைகளில் பெருந்தொகையாக இருந்தவர்கள் நம் மக்கள்.

அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் ஓர் ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்தவர். அவர் கொடுத்த ஓலைச்சுவடி வழியாகத்தான் திருக்குறள் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். ஓலைச்சுவடி வைத்திருந்த குடும்பம் பட்லர் வேலை பார்த்தது என்பதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று ஏளனம் செய்கிறவர்கள் அவசியம் யோசிக்க வேண்டும்.

1878இல் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் கர்னல் கென்னி ஹெர்பர்ட் மதராஸ் வாழ் ஆங்கிலேயருக்காக ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’. அதில் சமையல்காரர் திரும்பத் திரும்ப வருகிறார். அவருக்குப் பெயர் ‘ராமசாமி’. எல்லாச் சமையல்காரருக்கும் அதே பெயர்! ராமசாமிக்குச் சொல்லிக்கொடுங்கள், ராமசாமியைக் கண்காணியுங்கள், ராமசாமி இப்படித்தான் செய்வான். சூடான, புகை மண்டிய, பங்களாவிலிருந்து தள்ளிக் கட்டப்பட்ட கொட்டகையில் அந்த ராமசாமிகள் சமைத்தார்கள். பிரெஞ்சு சாஸிலிருந்து பிஸ்கட் வரை செய்து மேசைக்கு அனுப்பினார்கள். புத்தகம் கர்னல் பெயரில் இருக்கிறது.

அவர்களிடம் இருந்த அவன் எப்படிப்பட்டது? ஒரு இரும்பு அல்லது செம்புப் பாத்திரம், கீழே கரித்தணல், மூடிமேல் கரித்தணல். அவ்வளவுதான். வெப்பமானி கிடையாது. மூடிமேல் எத்தனை கரித்துண்டு, கீழே எத்தனை, எப்போது மேல் தணலைக் குறைப்பது என்பது கையும் மூக்கும் அறிந்த கணக்கு. கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும்வரை சூடு பொறுக்கிறது என்று பார்ப்பது ஒரு வழி. ஒரு சிட்டிகை மாவைத் தூவி அது எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. இன்று ‘அவன் இல்லாமல் பிஸ்கட்’ என்று கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மேலே தட்டு வைத்து மூடிச் சுடுகிறார்களே, அதற்கு இந்த நாட்டில் முன்னோடிகள் அந்தக் கொட்டகையில் நின்றவர்கள்தான். பாட்டி காலத்துச் செய்முறை என்றால் அந்தப் பாட்டியின் வீடு பங்களாவுக்குப் பின்பக்கம் வேலைக்காரர் குடியிருப்பில் இருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துரைவீட்டு வேலையை நான் பெருமை பேசவில்லை. அடியும் வசவும் அங்கும் இருந்தன. ஆனால் கூலி பணமாகக் கிடைத்தது. படிக்காசாகவோ எச்சில் சோறாகவோ அல்ல. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வழி இருந்தது. கிராமத்தில் யார் கிணற்றை எட்டிப் பார்த்தால் அடி விழுமோ, அதே மனிதர் நகரத்தில் மாகாண அதிகாரியின் உணவைத் தொட்டுச் சமைத்தார். ஊருக்குத் திரும்பினால் அந்தக் கை மறுபடியும் தீட்டுக் கை.

நெய்யைப் பற்றியும் பேச வேண்டும். நெய் இல்லாமல் பழைய பிஸ்கட் இல்லை. அண்ணல் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில், 1936இல், ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில் நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். தீர்த்த யாத்திரை போய்வந்த ஒரு தீண்டப்படாதவர் தன் மக்களுக்கு விருந்து வைத்தார். அதில் நெய் பரிமாறினார். சாதி இந்துக்கள் நூற்றுக்கணக்கில் தடிகளோடு வந்து சாப்பாட்டைப் பாழாக்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். நெய் வாங்கப் பணம் இருந்தது. தன் பணத்தில், தன் வீட்டில், தன் மக்களுக்குத்தான் பரிமாறினார். அதுவே குற்றம். ‘நூறு கிராம் நெய் எடுத்துக்குங்க’ என்று சேனலில் சொல்லும்போது எனக்குச் சக்வாரா நினைவுக்கு வருகிறது. வராமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

தண்ணீருக்கும் அவரிடமே சாட்சியம் உண்டு. 1901இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, அப்பாவைப் பார்க்க கோரேகானுக்கு மாட்டுவண்டியில் போன கதையை எழுதியிருக்கிறார். கூடையில் சாப்பாடு நிறைய இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் யாருமில்லை. சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குழந்தைகள் பட்டினியாகப் படுத்தார்கள். காய்ந்த பண்டம் தண்ணீர் இல்லாமல் தொண்டையில் இறங்காது.

நம் பாட்டிகளிடமும் மொறுமொறுப்பு இருந்தது. குடிசைக்கு வெளியே கொடியில் காய்ந்த உப்புக்கண்டம். மஞ்சளும் உப்பும் தடவி, வெயிலில் ஈரத்தை விரட்டி, மழைக்காலத்தில் தணலில் வாட்டிக் கொடுத்தால் நொறுங்கும். பிஸ்கட் தத்துவமும் அதுதான், ஈரத்தை எடுத்துவிட்டால் கெடாது. ஆனால் அதைக் கொடியில் காயப்போட்டதற்காகவே சேரி நாறுகிறது என்றார்கள். ‘பாட்டி காலத்து உப்புக்கண்டம்’ என்று சமையல் சேனல்கள் போட்டி போட்டு வீடியோ போடுவதை நான் பார்த்ததில்லை.

பிஸ்கட் ஆலைகள் பெருகி, ஐந்து பைசா பத்து பைசாவுக்கு எல்லோர் வீட்டுக்கும் வந்தபோது தீட்டு எங்கே போனது? பொட்டலத்துக்குள் போனது. ஊர்க்காரர் நம் வீட்டுக்கு வந்தால் என்ன வாங்கி வைப்போம்? சோடாவும் பிஸ்கட் பாக்கெட்டும். நம் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காதவர் மூடி திறக்காத சோடாவைக் குடிப்பார். நம் சோற்றைத் தொடாதவர் பிரிக்காத பாக்கெட்டைப் பிரிப்பார். சேரியில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் அம்மாக்களுக்கு இது தெரிந்திருந்தது. விருந்தாளிக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவர்களே கடைக்கு ஆள் அனுப்பினார்கள். ‘கைபடாமல் தயாரிக்கப்பட்டது’ என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தால் அது சுத்தத்தைப் பற்றிய வாசகம்தான். ஆனால் இந்த நாட்டில் அதை வேறு மாதிரியும் படிக்க முடியும். தலித் வீட்டில் சாப்பிட்டேன் என்று படம் எடுத்துக்கொள்ளும் தலைவர்களுக்கு ஓட்டலிலிருந்து சாப்பாடு வந்தது என்ற செய்தியைப் பலமுறை படித்துவிட்டோம். பிஸ்கட் பாக்கெட்டின் பெரிய பதிப்பு அது.

இது ஒருவழிப்பாதையாகவாவது இருந்துவிட்டுப் போகட்டும், காசு கொடுத்து வாங்குவதில் என்ன தடை என்று நினைக்கலாம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளம் கிராமத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தின்பண்டம் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம், உங்கள் தெருவுக்குக் கொடுக்கக்கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். சொல்வதை அவரே கைபேசியில் பதிவு செய்து பரப்பினார். கைது நடந்தது, கடைக்கு சீல் வைக்கப்பட்டது, ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை விதித்தது. சட்டம் தன் வேலையைச் செய்தது, சரி. அந்தப் பிள்ளைகள் புத்தகப்பையோடு நின்று, கண்ணாடி ஜாடியைப் பார்த்துக்கொண்டே, ‘கட்டுப்பாடுன்னா என்ன?’ என்பதுபோல விழித்தார்கள். அந்த முகங்களுக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

மறுபக்கமும் உண்டு. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் மறித்தார்கள். 2023இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியரே போய்ப் பேச வேண்டியிருந்தது. அதே வீட்டுப் பிள்ளைகள் தின்னும் பிஸ்கட்டின் மாவை எந்த மாநிலத்து எந்தச் சாதித் தொழிலாளி பிசைந்தார் என்று அந்தப் பெற்றோர் கேட்பதில்லை. தெரியாத கை பரவாயில்லை. தெரிந்த கைதான் தீட்டு. பக்கத்துத் தெருவில் இருக்கிற, பெயர் தெரிந்த, முகம் தெரிந்த பெண்ணின் கை.

1898 முடிந்துபோன கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கு நேரத்தில், சென்னை தியாகராய நகரில் ஒரு பேக்கரி வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்பியது. எங்கள் பண்டங்களை ஜைனர்களே செய்கிறார்கள், முஸ்லிம் ஊழியர் இல்லை என்று. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். டெல்லி கம்பெனி விளம்பரத்துக்கும் இதற்கும் 122 ஆண்டு இடைவெளி. வாசகம் மாறவில்லை, யாரை விலக்குவது என்பது மட்டும் மாறியிருக்கிறது. இப்போது வீட்டிலிருந்தே பிஸ்கட், கேக் செய்து விற்கும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ‘பியூர் வெஜ் கிச்சன்’, ‘அக்ரஹாரத்து டேஸ்ட்’ மாதிரியான வாசகங்களைப் பார்க்கிறேன். முட்டை இல்லை என்று சொல்வது வாடிக்கையாளருக்குத் தேவையான தகவல். அக்ரஹாரம் என்பது என்ன தகவல்? எந்த மூலப்பொருள் அது?

நம் பெண்களும் இந்தத் தொழிலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். நல்லது. வரட்டும். செய்முறை கஷ்டமில்லை: மைதா இரண்டு பங்கு, பொடித்த சர்க்கரை ஒரு பங்கு, நெய் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட, எடைக் கணக்கில். ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், துளி சோடா மாவு. தண்ணீர் வேண்டாம், பால் வேண்டாம், உருண்டை பிடிக்க வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் நெய். கனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பிப் பத்து நிமிடம் சூடேற்றி, தட்டை உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஓரம் சிவக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மெத்தென்று இருக்கிறதே என்று மறுபடி உள்ளே வைத்தால் கருகும். ஆறட்டும். முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் அடைக்க வேண்டும், சூட்டோடு மூடினால் ஆவியில் நமுத்துவிடும். டப்பாவில் ஒட்டும் சீட்டில் உங்கள் பெயரையும் ஊரையும் போடுங்கள்.

மதராஸ், பெங்களூர், ஊட்டி, கோலார் தங்கவயல் பங்களாக்களில் பட்லராக, குசினிக்காரராக, ஆயாவாக, பேக்கரித் தொழிலாளியாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்களுடைய பெயர், வேலை பார்த்த ஊர், என்னென்ன சுடுவார்கள், மூடிமேல் எத்தனை கரித்துண்டு வைப்பார்கள். ராமசாமி என்று மட்டும் எழுதாதீர்கள், உண்மையில் அதுவே அவர் பெயராக இருந்தாலொழிய.